வார்டுல ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தருக்கு வயித்தால போனா...

மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் ஹெல்த் இன்ஸ்பெக்டரா சுத்தி ரிட்டையர் ஆனவன்ங்கறதால, இந்தப் பக்கத்துக்கு வர்ற லெட்டர்ல பாதி தண்ணி, கொசு, வயித்துப்போக்குன்னுதான் இருக்கும். இந்தத் தடவ ஆறு பேரு ஏறக்குறைய ஒரே விஷயத்தக் கேட்டிருக்காக, ஆஸ்பத்திரிக்குள்ளயே பரவுற வயித்துப்போக்கு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: எங்க மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணுனோம். சேக்கும்போது வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. ஆறாவது நாள்ல இருந்து தண்ணி தண்ணியா போக ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு நாள்ல பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் எதுத்தாப்புல இருந்த அக்காவுக்கும் அதே மாதிரி. நர்ஸம்மாட்ட கேட்டா "வீட்டுச் சாப்பாடு குடுத்தீங்கள்ல, அதான்"னு சொல்லிட்டாக. மூணு வீட்டுச் சாப்பாடும் ஒரே நேரத்துல எப்டிங்கய்யா கெட்டுப்போகும்? இதெல்லாம் யாரு எப்டி கண்டுபிடிப்பாக?
*வாசகி, பெரியபட்டினம்*

பதில்: தாயி, மூணு வீட்டுச் சாப்பாடும் ஒரே நேரத்துல எப்டி கெடும்னு கேட்டீங்க பாத்தீங்களா, விசாரணைக்குப் போறவன் கேக்க வேண்டிய மொதக் கேள்வியே அதான். அத நீங்களே கேட்டுட்டீங்க. யாரும் பதில் சொல்லலங்கறதுதான் எனக்கு வருத்தம்.

ஆறாவது நாள்னு சொன்னதும் முக்கியம். வந்த அன்னைக்கோ மறுநாளோ ஆரம்பிச்சிருந்தா வெளியில இருந்து கொண்டு வந்ததுனு நெனைக்கலாம், மூணு நாள் தாண்டி புதுசா ஆரம்பிச்சா ஆஸ்பத்திரிக்குள்ள ஒட்டுனதானு பாக்கணும், இது விசாரணைல பொதுவா வச்சிருக்க கணக்கு.

எப்டி கண்டுபிடிப்பாகனா, மொதல்ல எதக் கேஸுனு எண்ணுறதுங்கறத முடிவு பண்ணணும். ஒரு தடவ இளகலா போனதெல்லாம் சேத்தா லிஸ்ட்டு குப்பையாயிரும். 24 மணி நேரத்துல மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போனவங்க, இந்த வார்டுல, இந்தத் தேதிக்கு அப்புறம், இப்டி ஒரு வரையறை. அப்புறம் ஒரு நோட்டுல ஆளுக்கு ஒரு வரி. கட்டில் நம்பர், வயசு, சேந்த தேதி, வயித்தால போக ஆரம்பிச்ச தேதி மட்டுமில்ல நேரமும், என்ன சாப்ட்டாக, தண்ணி எங்க புடிச்சாக, என்ன ஆன்டிபயாடிக் ஓடுது, எந்த கக்கூஸுக்குப் போறாக, வார்டு மாத்துனாகளா. இதுதான் விசாரணையோட முதுகெலும்பு, மிச்சமெல்லாம் இதுக்கு மேல கட்டுறதுதான். இந்த நோட்ட வச்சு நாள்வாரியா கட்டம் போட்டா ஒரு உருவம் தெரியும். ஒரே நாள்ல குப்புனு ஏறி எறங்குனா எல்லாரும் ஒரே நேரத்துல ஏதோ ஒன்ன வாயில வச்சிருக்காக, ஒரு வேளைச் சாப்பாடோ ஒரு தொட்டித் தண்ணியோ. இன்னைக்கு ஒன்னு, ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு, அப்புறம் மூணுன்னு இழுத்துக்கிட்டே போனா கை வழியா, பெட்பேன் வழியா, கக்கூஸ் வழியா ஆளுக்கு ஆளு தாவுது. உங்க மாமியார் வார்டுல நடந்தது ரெண்டாவது மாதிரி இருக்கு.

சீக்குப் புடிச்சவங்கள மட்டும் கேட்டா போதாது, புடிக்காதவங்களையும் கேக்கணும். இத நெறைய பேரு விட்டுர்றாக. உதாரணத்துக்கு, தயிர்சாதம் சாப்ட்ட 30 பேர்ல 18 பேருக்கு வந்திருக்கு, சாப்டாத 20 பேர்ல 2 பேருக்குத்தான் வந்திருக்குனு வைங்க. சாப்ட்டவங்கள்ல 100க்கு 60, சாப்டாதவங்கள்ல 100க்கு 10, ஆறு மடங்கு வித்தியாசம், அப்ப தயிர்சாதத்து மேல சந்தேகம் விழும். சீக்குப் புடிச்ச 20 பேர்ல 18 பேரு தயிர்சாதம் சாப்ட்டாகங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணுனா தப்பாயிரும், ஏன்னா வார்டுல எல்லாருமே அதத்தான் சாப்ட்டிருக்கலாம்.

நான் பாத்த ஒன்னச் சொல்றேன். பல வருஷம் முன்னாடி நம்ம கடற்கரைல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாம், பொம்பளைங்க வார்டுல வரிசையா வயித்துப்போக்கு. எல்லாரும் வெளிக் கடைல வாங்குன கஞ்சி மேல பழி போட்டுட்டு இருந்தாக. நான் ஒரு பள்ளிக்கூட நோட்ட வாங்கிட்டு இரும்பு ஸ்டூலப் போட்டு ஒவ்வொரு கட்டிலா உக்காந்து எழுதுனேன். கஞ்சி குடிச்சவங்கள்ல பாதிப் பேரு நல்லாத்தான் இருந்தாக. ஆனா வராண்டா ஓரத்துல இருந்த ட்ரம்முல தண்ணி மொண்டு குடிச்சவங்க பக்கம் பூரா டிக் விழுந்துச்சு, சன்னல் ஓர வரிசை உள்ளூர்க்காரங்க, வீட்டுல இருந்து கொடத்துல தண்ணி வந்துரும், அவுகளுக்கு ஒன்னும் இல்ல. ஒரே ஒரு அம்மா மட்டும் ஒதைக்குது, ஒம்பதாம் நம்பர் கட்டில், வீட்டுத் தண்ணிதான் குடிப்பேன்னு அடிச்சுச் சொல்றாக, ஆனா வயித்தால போகுது. விடாம கேட்டதுல, ராத்திரி மாத்திரை முழுங்க மட்டும் ட்ரம்முத் தண்ணி, டம்ளர்ல ரெண்டு மடக்கு.

ட்ரம்முத் தண்ணில குளோரின் டெஸ்ட் கிட்டு மருந்த விட்டா மஞ்சக் கலர் வரணும். அது பச்சத் தண்ணி மாதிரி அப்டியே நின்னுச்சு. குழாய் முனைல குறைஞ்சது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரின் மிச்சம் இருக்கணும், இங்க சுத்தமா இல்ல. இன்னொரு சின்ன பாட்டில்ல தண்ணி புடிச்சு வச்சுட்டு வந்தேன், ஹெச்2எஸ் பாட்டில்னு சொல்லுவோம், 1982ல நம்ம நாட்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்ச முறை, உள்ள ஒரு காகிதத்துண்டு இருக்கும், தண்ணில மலக் கிருமி இருந்தா அது கருத்துரும். காலைல வந்து பாத்தா தார் மாதிரி கருப்பு. மாடி ஏறிப் பாத்தேன், தொட்டி மூடி ஒடஞ்சு மேல சாக்கப் போட்டு செங்கல் வச்சிருக்கு. கீழ சம்புக்கு வந்தா, லாரித் தண்ணி எறக்குற ஹோஸ் பைப்பு வாய் தரையில, செப்டிக் டேங்க் கசிஞ்சு ஈரமா கெடந்த இடத்துல கெடக்கு. அந்த வாயத்தான் அப்டியே சம்புக்குள்ள விடுறாக. நம்ம பக்கம் நெலத்தடித் தண்ணி உப்பு, காவிரித் தண்ணி வர்ற நாள்ல புடிக்கிறது, மத்த நாள் லாரி, தள்ளுவண்டிக் கொடம், இத்தன கை மாறி வர்ற தண்ணில எந்த எடத்துல அழுக்கு சேந்துச்சுனு ஒவ்வொரு படியா போய்ப் பாக்கணும்.

அதுல எனக்கு இன்னைக்கும் ஆறாத ஒன்னு, நான் வர்றேன்னு தெரிஞ்சதும் மீதிக் கஞ்சியக் கொட்டி, ட்ரம்ம தேச்சுக் கழுவிட்டாக. நல்லவேளை கழுவி, அதே தொட்டித் தண்ணியத்தான் திரும்ப ரொப்புனாக, அதனால டெஸ்ட்டுல சிக்குச்சு. சுத்தம் பண்ணணும், வேணாம்னு சொல்லல. சாம்பிள் எடுத்துட்டுப் பண்ணணும்.

இப்ப உங்க மாமியாருக்கு வர்றேன். ஆபரேஷன் முடிஞ்சு ஊசி ஆன்டிபயாடிக் ஓடியிருக்கும். வயசானவுக, ஆஸ்பத்திரில பல நாள், ஆன்டிபயாடிக், இந்த மூணும் சேந்தா டாக்டருங்க நெனைக்க வேண்டிய ஒரு கிருமி க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமா சி-டிஃப். நம்ம குடல்ல இருக்க நல்ல கிருமிங்கள ஆன்டிபயாடிக் அழிச்சிருது, அந்தக் காலி எடத்துல இது வளந்து நஞ்சக் கக்குது. 1935லயே கொழந்தைங்க மலத்துல இதப் பாத்துட்டாங்க, வளக்குறது கஷ்டமா இருந்ததால டிஃபிசில்னு பேரு. ஆனா ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் வர்ற குடல் புண்ணுக்கு இதான் காரணம்னு தெரிய 1978 ஆயிருச்சு. டாக்டர்ட்ட போய் "ஆன்டிபயாடிக்கால வந்ததா இருக்குமா, சி-டிஃப் டெஸ்ட் எடுக்கணுமா, ஓடிட்டு இருக்க ஆன்டிபயாடிக்க நிறுத்த முடியுமா"னு மூணையும் கேளுங்க. சண்ட போடுற மாதிரி இல்லாம, தேதி நேரம் எழுதுன தாளக் கையில வச்சுக்கிட்டுக் கேளுங்க, தாளப் பாத்தா யாரா இருந்தாலும் நின்னு பதில் சொல்லுவாக.

கேள்வி: நான் கிளினிக்ல வார்டு அட்டெண்டர். கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் பாட்டில் தொங்க விட்டிருக்கோம், பினாயில் போட்டு ரெண்டு வேள தொடைக்கிறோம். அப்டியும் பரவுனா நாங்க என்னண்ணே செய்றது, திட்டு மட்டும் எங்களுக்கு.
*வாசகர், தொண்டி*

பதில்: தம்பி, உங்க மேல தப்பு இல்ல, உங்களுக்கு யாரும் இதச் சொல்லித் தரல. சி-டிஃப் வித்து மாதிரி ஒரு கூடு கட்டிக்கிட்டு தூங்கும். அந்தக் கூட்ட சானிடைசர்ல இருக்க ஆல்கஹால் ஒன்னும் பண்ணாது, பினாயிலும் பண்ணாது, கட்டில் கம்பில மாசக்கணக்குல உசுரோட கெடக்கும். கைய சோப்புப் போட்டு ஓடுற தண்ணில தேச்சுக் கழுவுனாத்தான் அது கையவிட்டு எறங்கும், சாவுறதில்ல, கழண்டு போகுது, அவ்வளவுதான். அதனால வயித்தால போற நோயாளியத் தொடும்போது கையுறை, கழட்டுன ஒடனே சோப்பு. மத்த நோயாளிக்கு சானிடைசர் நல்லதுதான், அத விட்றாதீங்க.

தரைக்கும் கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் குளோரின்தான். சி-டிஃப்புக்கு 1000 பிபிஎம்முக்குக் கொறையாம, பத்து நிமிஷம் ஈரமா நிக்கணும், தொடச்ச ஒடனே காய வைக்கக் கூடாது. மொதல்ல அழுக்கத் தொடச்சு எடுத்துட்டு அப்புறம் குளோரின், அழுக்கு மேலயே ஊத்துனா குளோரின் அழுக்கோட சண்ட போட்டே தீந்துரும். அன்னன்னைக்கு புதுசா கரைங்க. நம்ம ஊர் கடக்காத்துக்கு பிளீச்சிங் பவுடர் சாக்குப் பையப் பிரிச்சு வச்சா வீரியம் போயிரும், கட்டி தட்டி, மூக்குல ஏறுற அந்த நெடி இல்லைனா அது வெறும் சுண்ணாம்புனு வச்சுக்கங்க. இறுக்கமா மூடுற டப்பால போட்டு வைங்க. ஆசிடோட மட்டும் எப்பவும் கலந்துறாதீங்க, விஷப்புகை வரும்.

இன்னொன்னு, பெட்பேன எங்க கழுவுறீங்கன்னு ஒரு தடவ நின்னு பாருங்க. நெறைய எடத்துல பெட்பேன் கழுவுற அதே தொட்டி ஓரத்துலதான் கஞ்சி டம்ளரும் கழுவிக் கவுத்து வச்சிருப்பாக, ஒன்னுல தெறிக்கிற தண்ணி இன்னொன்னுல விழும். முடிஞ்சா வயித்தால போறவங்களுக்குத் தனி அறை, இல்லைனா எல்லாரையும் ஒரே மூலைக்கு மாத்தி அவுகளுக்குன்னு தனி கக்கூஸ், தனி பெட்பேன், தனி பிபி கருவி. எத்தனையாம் நாள்ல பிரிச்சு வைக்கிறீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. ஸ்காட்லாந்துல வேல் ஆஃப் லெவன் ஆஸ்பத்திரில 2007, 2008ல சி-டிஃப் பரவி 34 பேரு சாவுல அதுக்குப் பங்கு இருந்துச்சுனு விசாரணைக் கமிஷன் 2014ல அறிக்கை குடுத்துச்சு. வசதியான நாடு, லேப் இருக்கு, டெஸ்ட்டும் எடுத்திருக்காக, ரிசல்ட்டும் பாசிட்டிவ்னு வந்திருக்கு. ஆனா ஒவ்வொன்னும் தனித்தனி நோயாளியோட ஃபைல்ல கெடந்துச்சு, சேத்துப் பாத்து "இது பரவுது"னு சொல்ல ஆள் இல்ல. எத்தன குடும்பம் அம்மா அப்பாவ எழந்துச்சு. உங்க வார்டுல காலைல மொத ஆளா பெட்பேன் எடுக்குற உங்களுக்குத்தான் இது மொதல்ல தெரியும் தம்பி. நேத்து ஒன்னு, இன்னைக்கு மூணுனு தெரிஞ்சா அன்னைக்கே சிஸ்டர்ட்ட சொல்லுங்க, அவுக கேக்கலைனா டாக்டர்ட்ட சொல்லுங்க.

கேள்வி: நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் சார். எங்க வார்டுல ஆறு பேருக்கு மோஷன் கல்சர், அதாவது மலத்துல இருக்க கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட், அனுப்புனோம், எல்லாமே வளர்ச்சி இல்லைனு வந்துருச்சு. அப்ப கிருமியே இல்லைனு அர்த்தமா?
*வாசகி, ராமநாதபுரம்*

பதில்: இல்லம்மா, தேடுனது கெடைக்கலனு மட்டும்தான் அர்த்தம். சாம்பிள் எப்ப எடுத்தீங்க? ஆன்டிபயாடிக் ரெண்டு டோஸ் போனதுக்கு அப்புறம் எடுத்தா வளரவேண்டியது வளராது. எப்டி அனுப்புனீங்க? வெயில்ல பஸ்ல மதுரைக்கு வெறும் டப்பால போனா போறதுக்குள்ள கிருமி செத்துரும், கேரி-ப்ளேர்னு கிருமி சாகாம வச்சிருக்க ஒரு ஊடகம் இருக்கு, பஞ்சுக்குச்சிய அதுல சொருகி அனுப்பணும். சி-டிஃப்னா சாதா கல்சர்ல வராது, காத்து பட்டா வளராத கிருமி, மலத்துல அதோட நஞ்சத் தேடுற டெஸ்ட் தனியா கேக்கணும், அதுவும் தண்ணியா போறவங்க மலத்துக்கு மட்டும். நோரோ, ரோட்டா மாதிரி வைரஸா இருந்தா கல்சர்ல எதுவுமே தெரியாது.

நம்ம கடற்கரைல இன்னொரு கேள்வியும் கேக்கணும். லேப்ல விப்ரியோங்கற கிருமிக் குடும்பத்துக்குன்னு தனி வளர்ப்புத் தட்டு போட்டாகளா? டிசிபிஎஸ்னு பச்சக் கலர்ல ஒரு தட்டு. காலரா கிருமி அதுல மஞ்சப் புள்ளியா வரும், கடல் மீன்ல இருந்து வர்ற விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சப் புள்ளியாவே நிக்கும். பின்னது உப்பு இருந்தாத்தான் வளரும், வழக்கமான தட்டுல தப்பிச்சுரும். அதனால சீட்டுல "விப்ரியோவும் பாக்கவும்"னு நீங்களே எழுதுங்க. 1992ல மெட்ராஸ்ல காலரா நோயாளிங்ககிட்ட எடுத்த கிருமி, அதுவரைக்கும் காலரானு சொல்ற ஓ1 வகையக் கண்டுபிடிக்கிற சீரத்தோட ஒட்டவே இல்ல. ஒட்டலையேனு தூக்கிப் போடாம பாத்ததால ஓ139னு ஒரு புது வகைனு தெரிஞ்சுச்சு. படிக்கிற புள்ள நீங்க, ரிசல்ட் வராட்டியும் லிஸ்ட்டையும் கட்டத்தையும் வச்சு தடுப்பு வேலைய ஆரம்பிச்சுரலாம்ங்கறத மனசுல வைங்க, லேப் சொல்ற வரைக்கும் தண்ணித் தொட்டி காத்திருக்காது.

கேள்வி: எங்க அப்பாவ சேத்திருந்த ஆஸ்பத்திரில நாலஞ்சு பேருக்கு வாந்தி பேதி. நாங்க நண்டு ரசம் கொண்டுபோனோம், அதான் காரணம்னு வார்டே எங்களத் திட்டுது. நாங்க மீன்புடிக்கிற குடும்பம், தெனமும் சாப்டுறோம், எங்களுக்கு ஒன்னும் ஆகல.
*வாசகர், பாம்பன்*

பதில்: அண்ணே, உங்க அப்பா குடிச்ச ரசத்தால அத வாயிலயே வைக்காத நாலு பேருக்கு எப்டி வரும்? அவுகளுக்கும் குடுத்தீங்களானு மட்டும் யோசிச்சுப் பாருங்க. குடுக்கலைனா பழி நிக்காது.

மீன்ல வராதுனும் சொல்ல மாட்டேன். 1950ல ஜப்பான் ஒசாகாவுல அரைகுறையா காயவச்ச சின்ன மீனத் தின்னு 272 பேருக்கு வந்து 20 பேரு செத்தாக, அதுலதான் அந்த பச்சப்புள்ளி விப்ரியோவையே கண்டுபிடிச்சாக. கொதிக்கிற ரசத்துல அது செத்துரும். ஆனா பச்ச நண்டு வெட்டுன பலகையிலயே வேற ஏதாவது நறுக்குனாலோ, வெந்த நண்ட திரும்ப அதே கூடைல போட்டாலோ மறுபடி ஒட்டிக்கும்.

நேரத்தக் கேளுங்க, அது நெறைய சொல்லும். சாப்ட்டு ஒன்னுல இருந்து ஆறு மணி நேரத்துல வாந்தியா கொட்டுனா, சமைச்சவர் கைப்புண்ணுல இருந்தோ மூக்குல இருந்தோ வந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சா இருக்கலாம், இல்ல ஆறிப்போன சோத்துல வர்ற பேசில்லஸ் கிருமியா இருக்கலாம். ஆறுல இருந்து 24 மணிக்குள்ள வயித்து வலியோட பேதி, வாந்தி அவ்வளவா இல்லைனா அண்டாவுல ஆக்கி வெளிய வச்ச கறியில வர்ற பெர்ஃப்ரிஞ்சன்ஸ்ங்கற கிருமி. காய்ச்சலோட ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுனா சால்மொனெல்லா, ஷிகெல்லா. மதியம் நீங்க ரசம் கொண்டுபோறதுக்கு முன்னாடியே யாருக்காவது ஆரம்பிச்சிருந்தா அங்கயே பேச்சு முடிஞ்சுது.

கேள்வி: சின்ன ஆஸ்பத்திரி நடத்துறோம். இந்த மாதிரி ரெண்டு மூணு கேஸ் வந்தா வெளிய சொன்னா பேரு கெட்டுரும்னு மேனேஜர் பயப்படுறார். கட்டாயம் சொல்லணுமா?
*வாசகர், கீழக்கரை*

பதில்: சொல்லணும் சார். காலரா மாதிரி நோய்னா சொல்றது சட்டக் கடமை, 1939லயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துருச்சு. 2004ல இருந்து நோய்க் கண்காணிப்புத் திட்டம் நாடு பூரா இருக்கு, தனியார் ஆஸ்பத்திரியும் அதுல தகவல் குடுக்கலாம். உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு ஒரு போன் போதும், இல்லைனா ராமநாதபுரத்துல மாவட்ட சுகாதார ஆபீஸ். குளோரின் கிட்டு, சாம்பிள் எடுக்குற ஆளு, எல்லாம் காசில்லாம வரும்.

வெளியாளு யாரும் பாக்காம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியச் சொல்றேன். இங்கிலாந்துல வேக்ஃபீல்டுல ஸ்டான்லி ராய்ட்னு மனநல ஆஸ்பத்திரி, 1984 ஆகஸ்ட். வெந்த மாட்டுக்கறிய ஃப்ரிட்ஜுல வைக்காம, வெயில் காலத்துல பத்து மணி நேரம் போல வெளிய வச்சு மறுநாள் அப்டியே பரிமாறிட்டாக. நானூறு பேருக்கு மேல சால்மொனெல்லா, 19 நோயாளிங்க செத்துப்போனாக, அதுல நெறைய பேரு தனக்கு என்ன செய்யுதுனு சொல்லத் தெரியாதவங்க. அரசாங்க ஆஸ்பத்திரி சமையக்கட்டு மேல உணவுச் சட்டம் பாயாதுங்கற விலக்கு அங்க அப்ப இருந்துச்சு. அந்தச் சாவுகளுக்கு அப்புறம்தான் அத எடுத்தாக. உங்க மேனேஜர்ட்ட சொல்லுங்க, மூணு கேஸ்ல சொன்னா மூணு கேஸோட நிக்கும். முப்பதுல சொன்னா பேருக்கு மட்டுமா கேடு, உசுருக்குல்ல.

இன்னைக்கே செய்ய முடிஞ்சது ஒன்னு, உங்க சமையக்கட்டுல ஆக்குற ஒவ்வொன்னுலயும் ஒரு கரண்டி எடுத்து மூடி போட்ட டப்பால தேதி எழுதி மூணு நாள் ஃப்ரிட்ஜுல வைங்க. ஏதாவது ஆச்சுனா டெஸ்ட்டுக்கு சாப்பாடு கையில இருக்கும்.

கேள்வி: இதெல்லாம் நடக்குற வரைக்கும் நோயாளிக்கு வயித்தால போறத நிறுத்துற மாத்திர போட்டு சமாளிக்கலாமா?
*வாசகி, ஏர்வாடி*

பதில்: வேணாம் தங்கச்சி, டாக்டர் சொல்லாம போடாதீங்க. சி-டிஃப்பா இருந்தாலோ மலத்துல ரத்தம் வந்தாலோ அது உள்ளயே நஞ்சத் தேக்கி ஆபத்துல விட்டுரும். போற தண்ணிக்கு ஈடா ஓஆர்எஸ் குடுங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டுனா முழுசா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணில கரைக்கணும், டம்ளருக்கு டம்ளர் கொஞ்சம் கொஞ்சமா தட்டிப் போடக்கூடாது. 1971ல வங்காள அகதிங்க முகாம்ல காலராவுல 100க்கு 30 பேரு சாவுற நெலமைல, ட்ரிப்ஸ் பாட்டில் தீந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு சர்க்கரைத் தண்ணிய ட்ரம்முல கரைச்சு வீட்டாளுங்க கையிலயே குடுத்துக் குடிக்க வச்சாரு, சாவு 100க்கு நாலுக்கும் கீழ எறங்குச்சு. கொழந்தைனா கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள். கண்ணு உள்ள போயி, ஒன்னுக்கு வராம, பேச்சு கொழறி மயக்கமா இருந்தா ஓஆர்எஸ்ஸோட நிக்காம ஒடனே டாக்டரக் கூப்பிடுங்க, வீட்டுல இருந்தா 108. எத்தன தடவ போச்சு, எத்தன மணிக்குனு எழுதி வச்ச தாள மறக்காம கூடவே எடுத்துட்டுப் போங்க.